பெயர் கூப்பிடாத வாசல்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நல்ல கையெழுத்து அல்ல. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை. அதற்குப் பிறகு அது தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தது, இங்கே வந்து தரை துடைக்கும் கட்டையைப் பிடித்தது. பேனா பிடித்ததெல்லாம் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் கையெழுத்துப் போட மட்டும்தான். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். மலர்க்குழு ஆசிரியர்கள் பொறுமையாகத் திருத்திப் போடவேண்டும்.

போனில் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும் என்று என் மகள் சொன்னாள். பேசிப் பார்த்தேன். லயம் என்று சொன்னால் லாபம் என்று எழுதுகிறது. தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடு அது; லயத்தில் யாருக்கு என்ன லாபம்? கையாலேயே எழுதிவிடலாம் என்று கொப்பியை எடுத்துக்கொண்டேன்.

நம் தோட்டப் பாடசாலையின் ஆண்டு மலருக்கு, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதவேண்டும் என்று அதிபர் கேட்டிருந்தார். ஐந்து வருடம் மட்டும் படித்தவனைப் பழைய மாணவன் என்று சொல்லலாமா, தெரியவில்லை. என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: என் பெயர் ஞானப்பிரகாசம். பொகவந்தலாவைப் பக்கம், மேல் பிரிவு, கவ்வாத்துச் சவரிமுத்துவின் மகன். மைத்துனர் கூப்பிட்டுக் கனடாவுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. டொரொண்டோவில் இருக்கிறேன். மனைவி பிலோமினா. ஒரே மகள் ஷெரின், கல்லூரியில் படிக்கிறாள்.

மற்றவர்கள் பனியைப் பற்றியும் பெரிய கடைகளைப் பற்றியும் எழுதுவார்கள். நான் இந்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்ததை எழுதுகிறேன். அது இன்னும் முடியவில்லை.

2

யோகா ஆசிரியர் ஆவதற்கான பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னால் தோட்டத்தில் சிரிப்பார்கள். பரவாயில்லை, சிரித்துவிட்டு வாசியுங்கள்.

இங்கே ஒரு சமூக நிலையத்தில் எனக்குத் துப்புரவு வேலை. தரை துடைப்பது, நாற்காலிகளை அடுக்குவது, மேசைகளை மடிப்பது. இரண்டு வருடத்துக்கு முன் நாற்காலிகளைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துவிட்டு, யோகா செய்தால் நல்லது என்றார்கள். நிலையத்தை நடத்தும் டோனா என்ற பெண்மணி, செவ்வாய்க்கிழமை முதியோர் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்துகொள் என்றார்.

அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்து முதியவர்கள். சொல்லிக்கொடுத்தவர் ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண். அவர் இங்கிலீஷில் சொல்வது பாதிப் பேருக்கு எட்டாது. எனக்கு முன்னால் பரமேஸ்வரி ரீச்சர் இருப்பார். ஊரில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். அவர் திரும்பித் திரும்பி என்னைக் கேட்பார்:

"தம்பி, உவள் என்ன சொல்லுறாள்?"

எனக்கும் இங்கிலீஷ் அவ்வளவு வராது. ஆனால் உடம்பைப் பார்த்தால் தெரியும். ஒருநாள், குனிந்த நிலையிலிருந்து எப்படி எழும்புவது என்று கேட்டார். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"முதுகுல கொழுந்துக்கூடை நெறஞ்சிருக்கிற மாதிரி நெனச்சிக்கிட்டு, மெதுவா நிமிருங்க."

"நாங்கள் எப்ப தம்பி கொழுந்து கிள்ளினனாங்கள்?" என்றார் ரீச்சர். மண்டபம் முழுக்கச் சிரித்தது.

எனக்கு முகம் சுட்டது. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் அதுவரை 'கண்டிப் பக்கம்' என்று மட்டும் சொல்லிவந்தேன். அன்றோடு அது உடைந்தது, தோட்டத்து ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் மண்டபத்தைத் துடைக்க நான்தான் போகவேண்டும். போனபோது ரீச்சர் விரிப்பில் நின்றபடி சொன்னார்:

"தம்பி, கூடை மாதிரி எண்டு சொன்னீரே, அதை இன்னொருக்காச் சொல்லும். அதுதான் எனக்கு விளங்கினது."

அப்படித்தான் ஒவ்வொரு வாரமும் நான் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குக் கடினமாக இருந்தது கடைசியில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுவதுதான். தோட்டத்தில் பகலில் படுத்திருப்பவன் ஒன்றில் காய்ச்சல்காரன், அல்லது வேலை கிடைக்காதவன். பல மாதம் நான் கண்ணைத் திறந்துகொண்டேதான் படுத்திருந்தேன்.

இந்த வருடம் ஜனவரியில் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்தன. பத்துக் கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் கடிதம் கொடுத்துவிட்டார். யோகா சொல்லிக்கொடுத்த பெண் வேறு ஊருக்குப் போகிறார் என்று தெரியவந்தது. டோனா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தூக்காமல் செய்கிற துப்புரவு வேலை என்னிடம் இல்லை. ஆனால் முதியோர் வகுப்பு இருக்கிறது. இரண்டு வருடமாக நீதான் அதை நடத்துகிறாய். சான்றிதழ் மட்டும் கொண்டுவா. மார்ச்சில் நான்கு வாரப் பயிற்சி ஒன்று இருக்கிறது, செலவு நிலையத்துடையது. ஏப்ரலில் நிர்வாகக் குழு கூடும்போது உன் பெயரை வைக்கிறேன்."

சான்றிதழ் வராவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "வராவிட்டால் என்னால் ஒன்றும் செய்யமுடியாது, மிஸ்டர் சவரிமுத்து."

இங்கே எல்லா இடத்திலும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். கெட்ட செய்தி வரும்போதெல்லாம் அது அப்பாவுக்கு வந்ததுபோல இருக்கும்.

3

விண்ணப்பத்தை ஷெரின் கம்ப்யூட்டரில் நிரப்பினாள். பிறந்த தேதி, முகவரி, உடம்பில் என்ன நோவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"எடுகேஷன், அப்பா?"

"அஞ்சு."

"அஞ்சு, வாட்?"

"அஞ்சாம் வகுப்பு."

விசைகளிலிருந்து கையை எடுத்தாள். "கிரேட் ஃபைவ்தானா? என்கிட்ட சொன்னதே இல்லியே."

"நீ கேட்டதே இல்லியே."

அடுப்பங்கரையிலிருந்து பிலோமினா சத்தம் போட்டாள். "இப்ப அதெல்லாம் புள்ளகிட்ட எதுக்கு? ஏதாச்சும் போட்டு அனுப்புங்க, சோறு ஆறுது."

"இருக்கறத போடும்மா," என்றேன்.

அவள் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டினாள். திரையை என் பக்கம் திருப்பவில்லை. கடைசியில் கையெழுத்துப் போடும் இடத்தில் விரலால் என் பெயரை எழுதச் சொன்னாள். எழுதினேன். மேலே உள்ளதெல்லாம் உண்மை என்று அந்த இடத்தில் எழுதியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வாரத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று பதில் வந்தது. கூடவே விதிகள். வாரத்தில் ஆறு நாள், காலை ஆறு முதல் மாலை நான்கு வரை. முதல் நாள் தொடக்க வகுப்புக்கு வராதவரின் இடம் அன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் காத்திருப்பவருக்குப் போய்விடும். அந்த வரியை ஷெரின் எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

பிலோமினாவுக்கு வேறு கவலை. "ஓம்னு சொல்ற நேரத்துல வாய மூடிக்கிட்டு, மனசுக்குள்ள ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிக்குங்க."

4

ஞாயிற்றுக்கிழமையே பஸ்ஸில் போய் வழி பார்த்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை விடியுமுன் புறப்பட்டு ஐந்து இருபதுக்கெல்லாம் அங்கே நின்றேன். பழைய செங்கல் கட்டிடம், ஐந்தாறு படி, கண்ணாடிக் கதவு. இரவு பெய்த பனி படிகளில் கணுக்கால் அளவு கிடந்தது.

ஐந்தரைக்குச் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் உள்ளேயிருந்து கதவைத் திறந்துவைத்தாள். கையில் ஒரு அட்டை, அதில் பெயர்ப்பட்டியல். ஒவ்வொருவராக வந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள், தோளில் சுருட்டிய விரிப்பு. சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். நான் படிக்கு இடது பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூப்பிடுவாள் என்று நின்றேன்.

ஏன் நின்றேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மலரைச் சின்னப் பிள்ளைகளும் படிப்பார்கள். இப்போது எப்படியோ, நான் வேலை செய்த காலத்தில் பெரட்டு இப்படித்தான் இருந்தது. விடிந்தும் விடியாமலும் களத்தில் போய் வரிசையில் நிற்கவேண்டும். கணக்கப்பிள்ளை கொப்பியைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டால் அன்றைக்குப் பெயர் விழுந்தது, மலைக்குப் போகலாம். கூப்பிடாவிட்டால் வேலை இல்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கக்கூடாது.

கவ்வாத்து வேலைக்குப் போன முதல் வருடம் எனக்கு அது நடந்தது. புதுக் கணக்கப்பிள்ளை ஈரக் கையால் புரட்டும்போது இரண்டு தாள் ஒன்றாகப் புரண்டது. நான் பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். புரட்டாத தாளில் நான், இன்னும் நான்கைந்து பேர். யாரும் வாய் திறக்கவில்லை. எங்களுக்கு முன்னால் மாரிமுத்து அண்ணன் ஒருதரம் "ஐயா, என் பேரு வுட்டுப்போச்சுங்க" என்று சொல்லியிருந்தார். அதற்கு மூன்று நாள் வேலை கொடுக்கவில்லை. அதோடு அவருக்கு 'லோயர்', அதாவது வக்கீல், என்று பட்டப்பெயரும் விழுந்தது. அவர் செத்தபோதுகூட லோயர் செத்துட்டாரு என்றுதான் சொன்னார்கள்.

அன்று எல்லோரும் மலைக்குப் போனபிறகும் நான் களத்தில் நின்றேன். கணக்கப்பிள்ளைக்கு மேலதிகாரியான கண்டாக்கு மோட்டார் சைக்கிளில் வந்து நிறுத்தினார்.

"ஏன்டா நிக்கிற?"

"பேரு கூப்பிடல்லீங்க."

"கூப்பிடல்லன்னா வீட்டுக்குப் போ. இங்க என்னா திருவிழாவா?"

வீட்டுக்குப் போனேன். "நாளைக்குக் கூப்பிடுவாங்க" என்று அம்மா சொன்னார். மறுநாள் கூப்பிட்டார்கள். அதனால் நான் கற்றுக்கொண்டது அதுதான்: வாயை மூடிக்கொண்டிருந்தால் மறுநாள் கூப்பிடுவார்கள்.

5

சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. சுவரில் பனி அள்ளும் மண்வெட்டி ஒன்று சாய்த்துவைத்திருந்தது. வருகிறவர்கள் வழுக்கி விழப்போகிறார்களே என்று அதை எடுத்து மேல் படியிலிருந்து ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன வேலை. ஒரு பெண் "நன்றி" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள். நானும் தலையை ஆட்டினேன்.

ஆறு மணிக்கு அட்டைக்காரப் பெண் வாசலுக்கு வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மெழுகுதிரி. ஜன்னலோரம் ஒரு விரிப்பு விரித்திருந்தது, அதில் யாரும் இல்லை. தலைமை ஆசிரியை போலத் தெரிந்த நரைத்த தலைப் பெண் பேச ஆரம்பித்தார்.

என் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். அந்தப் படிப்புக் கேள்வியில் ஏதோ நடந்திருக்கிறது, ஐந்தாம் வகுப்புக்காரன் என்று தெரிந்து தள்ளிவிட்டார்கள். ஷெரின் திரையைத் திருப்பாமல் தட்டியது நினைவுக்கு வந்தது. கதவுக்கும் எனக்கும் நடுவில் மூன்று படி. தட்டினால் கேட்கும் தூரம். கையுறையைக் கழற்றினேன், மறுபடி போட்டுக்கொண்டேன். கால்விரல்கள் மரத்துப்போயின.

ஏழரை வரை நின்றேன். பிறகு மண்வெட்டியை எடுத்த இடத்தில் சாய்த்துவைத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பஸ்ஸில் எனக்குக் கோபம் வரவில்லை. ஒருமாதிரி ஆறுதலாகக்கூட இருந்தது. இதுதான் நடக்கும் என்று ஏற்கெனவே தெரிந்ததுபோல. இப்போது நினைத்தால் அந்த ஆறுதல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

6

கதவைத் திறந்தபோது ஷெரின் கல்லூரிக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்ப்பா வந்துட்டீங்க?"

"பேரு கூப்பிடல்ல."

"எந்தப் பேரு?"

"என் பேருதான். எல்லாரும் உள்ள போனாங்க. என்னைய மட்டும் கூப்பிடல்ல. ஃபார்ம்ல என்னமோ பிசகு. நீ என்னா போட்ட?"

அவள் ஒரு சப்பாத்தோடு அப்படியே இருந்தாள்.

"கிரேட் ட்வெல்வ்."

பிலோமினா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"இருக்கறத போடுன்னேன்ல?"

"இருக்கறத போட்டா எடுப்பாங்களா? சொல்லுங்க, யாரு எடுப்பா?" அவள் குரல் உடைந்தது. "எனக்கு வெக்கமா இருந்திச்சிப்பா. உங்கள நெனச்சி இல்ல. இருவது வருஷமா எனக்கே தெரியாம இருந்திருக்கு, அதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பயிற்சிக்காரர்களின் ஈமெயில் எல்லாம் அவளுடைய முகவரிக்குத்தான் வரும். வாசித்தவள் எழுந்து நின்றாள்.

"அப்பா, நீங்க வரல்லன்னு போட்டிருக்காங்க. உங்களுக்கு மேட் விரிச்சி வெச்சிட்டு வெய்ட் பண்ணியிருக்காங்க. பன்னெண்டு மணிக்குள்ள வரல்லன்னா இடம் போயிரும்."

"நான் ரெண்டு மணி நேரம் வாசல்லதான் நின்னேன்."

"வாசல்ல நின்னா எப்படி? அங்க யாரு பேரையும் கூப்பிட மாட்டாங்க அப்பா! கதவு தொறந்திருந்தா உள்ள போயி, பேருக்கு நேரா சைன் வெக்கிறதுதான். ஒரு தரம் கேட்டிருக்கலாம்ல? ஒரே ஒரு தரம்!"

"அவரு எங்க கேட்டாரு," என்றாள் பிலோமினா. "என்னைய பொண்ணு கேட்டு வந்தப்பவே அவங்க மாமாதான் பேசினாரு. இவரு கூரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மணி ஒன்பது பத்து.

"நானும் வாறேன்," என்றாள் ஷெரின். "நான் பேசுறேன். பஸ் லேட்டுன்னு சொல்லுவோம். நீங்க சும்மா நில்லுங்க."

"வேணாம். நீ காலேஜுக்குப் போ."

"உங்களுக்குப் பேச வராதுப்பா."

"வராதுதான். போயிட்டு வாறேன்."

7

இரண்டாவது முறையாக அதே பஸ். இடுப்பு வலிக்க ஆரம்பித்திருந்தது. வழியெல்லாம் யோசித்தேன். காலையில் ஏன் உள்ளே வரவில்லை என்று மட்டும் சொன்னால் போதும், இடம் கிடைத்துவிடலாம். படிப்பு பன்னிரண்டு என்றே இருந்துவிடும். யாருக்கும் தெரியாது. டோனாவுக்குச் சான்றிதழ் போய்ச் சேரும். ஆனால் அந்தப் பன்னிரண்டு என் கையெழுத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும். நாளைக்கு அந்த வகுப்பில் பாடப் புத்தகத்தைக் கொடுத்து வாசி என்றால் என்ன செய்வேன்?

பதினொன்றே காலுக்கு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துத் திறந்தேன். அவ்வளவு லேசான கதவு.

நரைத்த தலை ஆசிரியையின் பெயர் லிண்டா. சின்ன அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தார். அட்டைக்காரப் பெண் ஜூலியா பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"இவர்தான் பனி அள்ளியவர்! கட்டிடத்து ஆள் என்று நினைத்துவிட்டேன்."

"காலையிலேயே வந்திருந்தீர்களா? பிறகு ஏன் உள்ளே வரவில்லை?" என்று லிண்டா கேட்டார்.

பெரட்டுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் நின்று காட்டினேன். கைகளைப் பின்னால் கட்டி, தலையைக் குனிந்து, அந்த மேசைக்கு முன்னால். பிறகு ஜூலியாவின் அட்டையைக் காட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "அவங்க கூப்பிட்டால் நான் போவேன். கூப்பிடாவிட்டால் போகமாட்டேன். தேயிலைத் தோட்டம். ஸ்ரீலங்கா."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜூலியாவின் முகம் சிவந்துபோயிற்று. லிண்டா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நீங்கள் வந்திருந்தீர்கள், அதை ஜூலியா பார்த்திருக்கிறாள். விட்டுப்போன வகுப்பை நானே சனிக்கிழமை உங்களுக்கு எடுக்கிறேன். இடம் உங்களுடையது. உள்ளே போங்கள்."

முடிந்துவிட்டது. நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். வாசல் வரைக்கும் போனேன். அங்கே நின்று, திரும்பி வந்தேன்.

"ஃபார்ம் தப்பு," என்றேன்.

"எது தப்பு?"

"பள்ளிக்கூடம்." ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

லிண்டா கணினியில் தேடிப் பார்த்தார். "பன்னிரண்டு என்று இருக்கிறதே. யார் நிரப்பியது?"

"நான்தான்," என்றேன். கையெழுத்து என்னுடையது, அதனால் அது முழுப் பொய் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மெதுவாக, எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். அந்தக் கேள்விக்கு ஐந்து என்று போட்டிருந்தாலும் எடுத்திருப்பார்களாம். பாடத்தை யாருக்கு எப்படிச் சொல்வது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்களாம். அந்தப் பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. ஆனால் உண்மை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பொய்யாகிவிட்டது. சான்றிதழ் கொடுப்பது அவர் அல்ல, அதற்குமேல் ஒரு சபை இருக்கிறது. அந்தச் சபைக்கு அவர் அறிவிக்கவேண்டும்.

"நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது," என்றார். "இப்போது தெரியும். தெரிந்த பிறகு தெரியாதமாதிரி இருக்க என்னால் முடியாது."

"பதில் எப்போது வரும்?"

"சொல்லமுடியாது. பயிற்சி முடிவதற்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். அதுவரை உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவைக்கவேண்டும். சபை ஒத்துக்கொண்டால், நீங்கள் வந்த நாட்களை எல்லாம் சேர்ப்பேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த நாட்களுக்குக் கணக்கு இல்லை." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "வீட்டில் இருந்து பதிலுக்குக் காத்திருக்கலாம். அடுத்த பயிற்சி செப்டம்பரில் இருக்கிறது. அல்லது, பெயர் இல்லாமல் இப்போதே வரலாம். வாருங்கள் என்றோ போங்கள் என்றோ நான் சொல்லமாட்டேன். நீங்கள்தான் சொல்லவேண்டும்."

ஏப்ரலில் டோனாவின் நிர்வாகக் குழு கூடிவிடும். செப்டம்பர் எனக்கு இல்லாத மாதம்.

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படி ஒரு முடிவைக் கொடுத்ததில்லை. ஜூலியா அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "விரிப்பு எங்கே?" என்று கேட்டேன்.

8

அன்றிலிருந்து தினமும் போகிறேன். வாசலுக்கு உள்ளே மேசையில் பட்டியல் இருக்கும். மற்றவர்கள் தங்கள் பெயருக்கு நேரே கையெழுத்து வைப்பார்கள். நான் அதைத் தாண்டிப் போய் ஜன்னலோர விரிப்பில் உட்காருவேன். நீ ஏன் கையெழுத்து வைப்பதில்லை என்று ஒரு பெண் கேட்டாள். பெயர் வந்துகொண்டிருக்கிறது என்றேன். விமானத்தில் வருகிறது என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்தாள்.

முன்னால் குனிகிற ஆசனம் எல்லாம் எனக்கு லேசு. கவ்வாத்து மலையில் நாள் முழுக்கக் குனிந்த இடுப்பு அது. பின்னால் வளைவதுதான் வருவதில்லை. என் வலது தோள் இடதைவிட உயர்ந்திருக்கிறது என்று லிண்டா விரலால் தொட்டுக் காட்டினார். கத்தி வீசிய தோள். ஐம்பது வயதில்தான் அதை முதன்முதலாகக் கண்ணாடியில் பார்த்தேன். ஓம் சொல்லும்போது வாயை மூடிக்கொள்வதா என்று முதல் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். இதைப் பிலோமினாவிடம் சொல்லவில்லை. மலர் வரும்போது தெரிந்துகொள்வாள்.

எலும்பு, தசை பற்றிய பாடப் புத்தகம் செங்கல் கனம். சாயங்காலம் ஷெரின் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். எலும்புகளின் இங்கிலீஷ் பெயர்களைத் தமிழ் எழுத்தில் சின்னத் தாள்களில் எழுதித் தருகிறாள். அவளுக்குத் தமிழ் எழுத்து என்னைவிட மோசம். இரண்டு பேரும் சேர்ந்து எழுத்துக் கூட்டுகிறோம். அவள் பெரிய பள்ளிக்கூடம் போன பிறகு நாங்கள் ஒரு மேசையில் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. விண்ணப்பத்தைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. அவள்தான் நிரப்பினாள் என்று நான் அங்கே சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அது அவளுக்குக் கோபம். "எனக்காக ஏன் பொய் சொன்னீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். "நீ எனக்காகச் சொல்லல்லியா?" என்றேன். அவள் அடுத்த எலும்பை எழுதினாள்.

டோனாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிப் போகிறது என்று போனில் கேட்டார். நல்லது என்றேன். பாதி உண்மை. நாளை மாலை போய் மீதியையும் சொல்லிவிடவேண்டும். பரமேஸ்வரி ரீச்சரும் எடுத்தார்.

"என்ன தம்பி, சேர்டிபிக்கற் கைக்கு வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லீங்க ரீச்சர். வருமான்னும் தெரியல்லீங்க."

"வராட்டி?"

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. முழங்கால் வலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு வைத்தார்.

இதை ஒரு பாடமாக நான் எழுதவில்லை. நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியாது. வாசல் வரைக்கும் போனவன் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தால் இன்று என் பெயர் பட்டியலில் இருந்திருக்கும். சில நாள் பஸ்ஸில் போகும்போது என்னையே திட்டிக்கொள்கிறேன். பிலோமினா நேராகவே திட்டுகிறாள்.

ஒவ்வொரு காலையும் அந்தப் படிகளுக்கு முன்னால் வந்ததும் கால் தானாக ஒருமுறை நின்றுவிடுகிறது. காது எதையோ எதிர்பார்க்கிறது. உள்ளே ஜூலியா மற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள். யாரும் கூப்பிடுவதில்லை. நான் படியேறி உள்ளே போகிறேன்.

நேற்றோடு பன்னிரண்டு நாள். சபையிலிருந்து பதில் இல்லை. நாளை காலை ஆறு மணிக்குப் பதின்மூன்றாம் நாள்.

2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை.